இன்னோவா ஹைபிரிட்: இருக்கன்குடிக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகுமா?

ஆடி கடைசி வெள்ளி வந்துவிட்டால் சாத்தூரிலிருந்து இருக்கன்குடி போகும் சாலையில் நடக்கிறவர்களுக்கே இடம் போதாது. மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகப் பாதயாத்திரை வருபவர்கள் ஒரு பக்கம். வேன், லோடு ஆட்டோ, கார் என்று வண்டி பிடித்து வருகிறவர்கள் மறுபக்கம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தில் இருக்கும் மாரியம்மனைப் பார்க்க சிவகாசி, கோவில்பட்டி, அருப்புக்கோட்டை, ராஜபாளையம் என்று சுற்றுவட்டாரமே திரண்டு வரும்.

தாத்தா, பாட்டி, இரண்டு மகன்கள், மருமகள்கள், மொட்டை போட வேண்டிய பேரப்பிள்ளை என்று வீடே கிளம்பும் பயணம் இது. ஐந்து பேர் உட்காரும் கார் இதற்குப் பத்தாது. அதனால்தான் ஒரு காலத்தில் குவாலிஸும், 2005-லிருந்து இன்னோவாவும் தென்மாவட்டக் குடும்பங்களின் கோயில் வண்டியாகின. இப்போது அந்த வரிசையில் ஹைபிரிட் இன்னோவா நிற்கிறது. டீசல் இல்லை, கியர் மாற்ற வேண்டியதில்லை, மெதுவாகப் போனால் என்ஜின் சத்தமும் இல்லை.

ஆனால் விலை அறிமுகத்தின்போதே 24 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழிலில் சேர்த்த பணத்தையோ நகைக் கடனையோ போட்டு வாங்குகிற குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. வாங்கியவர்கள் எதற்குச் சந்தோஷப்படுகிறார்கள், எதற்குக் குறைப்படுகிறார்கள்?

அப்படி என்ன வண்டி இது?

இன்னோவா ஹைகிராஸை டொயோட்டா 2022 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. டிசம்பர் கடைசியில் விலையை அறிவித்தது. பெட்ரோல் மாடல் 18.30 லட்சத்தில் தொடங்கியது. ஹைபிரிட் 24.01 லட்சத்தில் தொடங்கி 28.97 லட்சம் வரை போனது. எல்லாம் ஷோரூம் விலை. இதே வண்டியைச் சில மாற்றங்களோடு 2023 ஜூலையில் 'இன்விக்டோ' என்ற பெயரில் மாருதியும் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஹைபிரிட்டில் 2 லிட்டர் பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து வேலை செய்கின்றன. பலரும் கேட்கிற முதல் கேள்வி, "இதை எங்கே சார்ஜ் போடுவது?" என்பதுதான். சார்ஜ் போடவே வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகும் சக்தியையும் என்ஜினின் உபரிச் சக்தியையும் வைத்து வண்டியே தன் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். ஊர்ந்து போகும்போது மோட்டார் இழுக்கும். வேகம் கூடினால் என்ஜின் கைகொடுக்கும்.

பாட்டிகள் போடும் ஓட்டு

வாங்கியவர்கள் முதலில் பாராட்டுவது ஏறி இறங்கும் வசதியை. பழைய இன்னோவாவும் கிரிஸ்டாவும் லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் உடலை உட்கார வைத்த வண்டிகள். தரை உயரமாக இருக்கும். மூட்டு வலி உள்ளவர்கள் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏற வேண்டும். ஹைகிராஸில் சட்டமும் உடலும் ஒன்றே என்பதால் தரை தாழ்வு. வீட்டுப் பெரியவர்கள் யார் உதவியும் இல்லாமல் ஏறிவிடுகிறார்கள்.

இரண்டாவது, ஏ.சி. இதன் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவது. திருவிழா நெரிசலில் வண்டி அரைமணி நேரம் நகராமல் நின்றாலும் என்ஜின் விடாமல் உறுமாது. பேட்டரி இறங்கும்போது மட்டும் தானாக ஓடி நிற்கும். வெயில் கொளுத்தும் விருதுநகர் மாவட்டத்தில் இது பெரிய நிம்மதி.

மூன்றாவது, பாதுகாப்பு. 2025-ல் பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஹைகிராஸ் 5 நட்சத்திரம் வாங்கியது.

குறை 1: "சொன்ன மைலேஜ் வரலை!"

நிறுவனம் சொல்லும் சான்றிதழ் மைலேஜ் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர். ஓட்டுகிறவர்கள் பரவலாகச் சொல்வது 15 முதல் 18 வரை. இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. சான்றிதழ் சோதனை ஆய்வுக்கூடத்தில், குறிப்பிட்ட வேகத்தில் நடப்பது. எட்டுப் பேர், முழு ஏ.சி., பின்னால் பொங்கல் பானை என்கிற கணக்கெல்லாம் அதில் வராது.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பழைய வண்டிகள் நெடுஞ்சாலையில் நல்ல மைலேஜ் கொடுக்கும், ஊருக்குள் குடிக்கும். ஹைபிரிட்டில் நின்று நின்று போகும் ஊருக்குள்தான் லாபம். மதுரை – கோவில்பட்டி நான்குவழிச் சாலையில் 110-ல் மிதித்தால் பிரேக் பிடிக்கும் வேலையே குறைவு. பேட்டரிக்குத் திரும்பிவரும் சக்தியும் குறைவு. என்ஜின்தான் பெரும்பாலும் இழுக்கும். 80 – 90 வேகத்தில் ஓட்டினால் வித்தியாசம் தெரியும்.

பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலப்பதும் சேர்ந்துகொள்கிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

குறை 2: பெட்டி வைக்க இடம் எங்கே?

மூன்று வரிசையிலும் ஆள் உட்கார்ந்தால் டிக்கியில் மிஞ்சுவது சுமார் 300 லிட்டர் இடம். நடுத்தரப் பெட்டிகள் இரண்டு, மேலே ஒரு பை, அவ்வளவுதான். கடைசி வரிசையை மடக்கினால் இடம் 991 லிட்டராகும்; ஆனால் அங்கே உட்கார வேண்டியவர்கள் எங்கே போவார்கள்?

பானை, விறகு, அரிசி, தண்ணீர் கேன் என்று கிளம்பும் கோயில் பயணத்தில் இது நிஜமான சிக்கல். பழைய வண்டிகளில் மேலே கேரியர் போட்டுக் கட்டினோம். உயர் ரக மாடல்களில் கூரையில் பெரிய கண்ணாடி இருப்பதால் அந்த வழியும் சுலபமில்லை.

குறை 3: ஏற்றத்தில் கத்துகிறது

டீசல் இன்னோவா ஓட்டிப் பழகியவர்கள் சொல்லும் குறை இது. அழுத்தி மிதித்தால் என்ஜின் சத்தம் சட்டென்று ஏறுகிறது. வேகம் பின்னாலேயே மெதுவாக வருகிறது. கியர் படிப்படியாக மாறாத அமைப்பின் குணம் அது. வண்டியில் கோளாறு என்று பயப்பட வேண்டியதில்லை.

ஹைகிராஸ் முன்சக்கர இழுவை வண்டி என்பதையும் மறக்கக் கூடாது. பழைய இன்னோவாவில் பின்சக்கரம் தள்ளும். பின்னால் ஆள் ஏற ஏறப் பிடிமானம் கூடும். இதில் பின்னால் எடை ஏறினால் முன்சக்கரத்தின் பிடி தளரும். முழு ஆளோடு கொடைக்கானல் ஏறும்போதும் மணலில் நிறுத்தி எடுக்கும்போதும் சக்கரம் வழுக்குவதாகச் சொல்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். ஆற்றோர மணலில் நிறுத்தாமல் கெட்டித் தரையாகப் பார்த்து நிறுத்துவது நல்லது.

குறை 4: காத்திருப்பு

ஆரம்ப காலத்தில் பெரிய கோபமே இதில்தான். தேவை எகிறியதால் உயர் ரக ஹைபிரிட் மாடல்களின் முன்பதிவை 2023 ஏப்ரலில் டொயோட்டா நிறுத்தியது. ஓராண்டு கழித்துத் திறந்து, சில வாரங்களிலேயே மீண்டும் நிறுத்தியது. பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. பதிவு செய்த நாள் விலை கிடையாது. வண்டி கைக்கு வரும் நாளில் என்ன விலையோ அதைத்தான் கட்ட வேண்டும்.

பணம் திரும்புமா? ஒரு கணக்கு

பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறது.

• ஹைபிரிட் (லிட்டருக்கு 17 கி.மீ.): சுமார் 89,000 ரூபாய்
• சாதாரண பெட்ரோல் ஹைகிராஸ் (11 கி.மீ.): சுமார் 1,37,700 ரூபாய்
• டீசல் கிரிஸ்டா (12.5 கி.மீ.): சுமார் 1,10,400 ரூபாய்

பெட்ரோல் மாடலைவிட ஹைபிரிட்டில் வருடத்துக்கு மிச்சம் சுமார் 48,600 ரூபாய். டீசலோடு ஒப்பிட்டால் சுமார் 21,000 ரூபாய்தான்.

இப்போது விலை. அறிமுக விலைப்படி ஜி.எக்ஸ் பெட்ரோல் 19.15 லட்சம், வி.எக்ஸ் ஹைபிரிட் 24.01 லட்சம். வித்தியாசம் 4.86 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வாழ்நாள் வரி 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவிகிதம், அதற்கு மேல் 20 சதவிகிதம். அந்த வகையில் இன்னும் சுமார் 1.35 லட்சம். ஆகமொத்தம் 6.2 லட்சம் கூடுதல். எரிபொருள் மிச்சத்தில் மட்டும் இதை எடுக்க 12 வருடங்களுக்கு மேலாகும். வருடத்துக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு ஆறரை வருடம்.

இரண்டும் ஒரே வசதியுள்ள மாடல்கள் அல்ல. ஹைபிரிட்டில் கூடுதல் வசதிகள் உண்டு. வாங்கும் நாளின் விலையைப் போட்டு இதே கணக்கை நீங்களே செய்து பாருங்கள். மாதம் இரண்டு தடவை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கிற வண்டி என்றால் மைலேஜுக்காக ஹைபிரிட் வாங்குவதில் அர்த்தமில்லை. சௌகரியத்துக்காக வாங்கினால் அது வேறு.

வரியில் சலுகை உண்டா?

2025 செப்டம்பர் 21 வரை பெரிய ஹைபிரிட் கார்களுக்கு செஸ்ஸோடு சேர்த்து 43 சதவிகித வரி. கிரிஸ்டா போன்ற பெரிய டீசல் வண்டிகளுக்கு 50 சதவிகிதம். இப்போது இரண்டுக்கும் 40 சதவிகிதம்தான். விலை குறைந்தது உண்மை. ஆனால் டீசலைவிட ஹைபிரிட்டுக்கு இருந்த வரிச் சாதகம் போய்விட்டது. மின்சார கார்களுக்கு 5 சதவிகிதம்தான். 2024-ல் உத்தரப் பிரதேசம் ஹைபிரிட் கார்களுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கு மின்சார வண்டிகளுக்கு மட்டுமே.

வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியவை

• சின்ன பேட்டரி: ஹைபிரிட் பேட்டரி தவிர, சாதாரண 12 வோல்ட் பேட்டரியும் உண்டு. வண்டியை வாரக்கணக்கில் எடுக்காமல் வைத்தால் அது இறங்கி, வண்டி உயிர் பெறாது. வாரம் ஒரு தடவையாவது ஓட்டுங்கள். ஹைபிரிட் வண்டியிலிருந்து வயர் போட்டு வேறு வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

• காற்றுத் துளை: ஹைபிரிட் பேட்டரி, பயணிகள் இருக்கும் பகுதியிலிருந்து காற்றை இழுத்துக் குளிர்ந்துகொள்ளும். அந்தத் துளை எங்கே இருக்கிறது என்று டெலிவரி எடுக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பை, போர்வை, தேங்காய் மூட்டை வைத்து அடைத்துவிடாதீர்கள்.

• ஆரஞ்சு வயர்: உயர் அழுத்த மின்சாரம் போகும் வயர் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். தெரிந்த மெக்கானிக்காக இருந்தாலும் அதைத் தொட விடாதீர்கள். இந்த வண்டிக்குப் பெரிய வேலை என்றால் கம்பெனி சர்வீஸ்தான். உங்கள் ஊரிலிருந்து அது எத்தனை கிலோமீட்டர் என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள்.

• மூடிய ஷெட்: என்ஜின் ஓடாததால் வண்டி அணைந்துவிட்டது என்று நினைத்து 'ரெடி' நிலையிலேயே விட்டுப் போகிறவர்கள் உண்டு. பேட்டரி இறங்கினால் என்ஜின் தானாக ஓடத் தொடங்கும். மூடிய ஷெட்டில் அந்தப் புகை உயிரையே பறிக்கும். டிஸ்பிளே அணைந்ததா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

• நடந்து வருபவர்கள்: ஊர்ந்து வரும் ஹைபிரிட்டின் சத்தம் மேளச் சத்தத்தில் யார் காதிலும் விழாது. அக்னிச்சட்டி ஏந்தி வருபவர் திரும்பிப் பார்த்து ஒதுங்குவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஓட்டுகிறவர்தான் ஒதுங்க வேண்டும்.

• வாரண்டி: ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. வண்டிக்கு 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். பழைய வண்டியாக வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

புகார் என்றால் எங்கே போவது?

ஷோரூமில் வாய்வார்த்தையாகச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டில் குறையை எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். அதிலும் தீரவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்னை எழுந்த 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை. டெஸ்ட் டிரைவுக்கு இரண்டு பேராகப் போகாதீர்கள். இருக்கன்குடிக்குக் கிளம்புகிற மாதிரியே போங்கள். பாட்டியை ஏற்றுங்கள், கடைசி வரிசையில் வளர்ந்த பிள்ளையை உட்கார வையுங்கள், டிக்கியில் பொங்கல் பானையை வைத்துப் பாருங்கள். கதவு மூடினால் பிறகு விலை பேசலாம்.