ஒன்றரை வயதுப் பிள்ளை சொல்வழி கேட்குமா?

ஒன்பது மாதப் பிள்ளையின் முன்னால் இரண்டு துவாய்களை விரித்து, கிலுகிலுப்பையை இடப்பக்கத் துவாயின் கீழ் ஒளித்துப் பாருங்கள். பிள்ளை துவாயை இழுத்து அதை எடுத்துவிடும். இரண்டு மூன்று முறை அப்படியே செய்தபின், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கவே வலப்பக்கம் ஒளித்துவைத்து, சில நொடி தாமதித்தபின் எடுக்க விடுங்கள். பெரும்பாலும் கை பழைய இடத்துக்கே போகும். சுவிஸ் அறிஞர் ஜான் பியாஜே கவனித்து எழுதிய தடுமாற்றம் இது. பழகிப்போன கையை நிறுத்துவதும், கண்டதை மனதில் வைத்திருப்பதும் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதியின் வேலை. முதல் வயதில் துளிர்விடும் அந்த ஆற்றல் இருபது வயதுக்குப் பின்னும் முதிர்ந்துகொண்டிருக்கும். நினைவில் வைத்திருத்தல், உந்துதலை அடக்குதல், நிலைமைக்கேற்ப மாறுதல் ஆகிய மூன்றையும் சேர்த்து உளவியலில் நிறைவேற்றுத் தொழிற்பாடு என்கிறார்கள்.

யாழ்ப்பாணத் தீவகத்தில், ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும், “தொடாதே” என்றதையே திரும்பத் தொடும் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் ‘குழப்படி’ என்று பெயர். கையில் ஓர் அடியும் விழும். பிள்ளைக்குச் சொன்னது விளங்கியிருக்கும். கையை நிறுத்தும் பலம்தான் இன்னும் வரவில்லை. வராத பலத்துக்காக அடிப்பது அநியாயம்.

அந்தப் பலம் எல்லா ஊரிலும் ஒரே வழியில் வருவதுமில்லை. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வயதுப் பிள்ளைகளின் முன் ஒரு தின்பண்டத்தை வைத்து, தொடாமலிருந்தால் இன்னொன்று தருவதாகச் சொன்னார்கள். கமரூன் நாட்டின் என்சோ விவசாயக் குடும்பப் பிள்ளைகளில் ஏறத்தாழ 70 வீதமானோர் காத்திருந்தார்கள். ஜேர்மன் நடுத்தர வர்க்கப் பிள்ளைகளில் காத்திருந்தவர்கள் 30 வீதமளவே. 2022இல் வந்த இன்னோர் ஆய்வில் ஜப்பானியப் பிள்ளைகள் உணவுக்கு நெடுநேரம் பொறுத்தார்கள், பொதி செய்த பரிசுக்கு அவ்வளவு நேரம் பொறுக்கவில்லை. அமெரிக்கப் பிள்ளைகள் நேர்மாறு. எதற்குக் காத்திருக்க வீட்டில் பழக்கினார்களோ அதற்கே பிள்ளை காத்திருக்கிறது.

நம் வீடுகளிலும் இந்தப் பழக்கம் உண்டு. படையல் முடியுமட்டும் மோதகத்தைப் பார்த்தபடி நிற்கும் பிள்ளையும், நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவில் அமுதசுரபி மண்டபப் பந்தியில் அம்மம்மாவின் மடியில் இருக்கும் பிள்ளையும் அதைத்தான் பயில்கிறார்கள். பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கில் புத்தகம், நகை, கத்தரிக்கோல் என்று பரப்பி, எதை எடுக்கும் என்று எல்லோரும் காத்திருக்கிறோமே, அந்த ஒரு நாளைப்போல மற்ற நாள்களிலும் பிள்ளையைத் தானாகத் தெரிவுசெய்ய விட்டால் எவ்வளவு நல்லது! மூன்று வயதில் கொப்பி நிறைய எழுத்து எழுதவைப்பதைவிட, உள்ளங்கையில் நண்டூரும் விளையாட்டும் ஒளித்துப் பிடித்தலும் தன்னை அடக்கும் பலத்துக்கு உகந்தவை.

அந்தப் பலத்தைக் கெடுப்பவை வேறு. முதலாவது பயம். “ஆமி வருது”, “பேய் பிடிக்கும்” என்று சோறூட்டும் வீடுகள் இன்னும் உண்டு. பயந்த பிள்ளை அந்த நேரம் அடங்கும். தன்னை அடக்கக் கற்காது. இரண்டாவது இரும்புச்சத்துக் குறைவு. ஆறு மாதம் முடிந்ததும் மீன், முட்டை, பருப்பு சேரவேண்டும். மூன்றாவது கைபேசி. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. கடலுக்குப் போனவர் திரும்புமட்டும் தனியே சமாளிக்கும் தாய்க்கு அது எளிதல்ல. ஆகவே இது வீட்டிலுள்ள எல்லோரின் பொறுப்பு. அரசுக்கும் பொறுப்பு உண்டு.

இலங்கை 1991இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்று உறுதிசெய்தது. 2005இல் அதற்குரிய ஐ.நா. குழு, கைக்குழந்தையும் முழு உரிமையுடையவர் என்று தனியாகவே விளக்கியது. நடைமுறையில் இதன் பொருள்: உங்கள் பகுதி மிட்வைஃப் பிள்ளையை வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டியவர், கிளினிக் கொப்பியில் நிறைக் கோடு மட்டுமல்ல, வளர்ச்சிப் படிகளும் உண்டு. 9, 12, 18 மாத ஊசிகளுக்குப் போகும்போது அந்தப் பக்கத்தையும் திறந்து கேளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் 9 மாதத்தில் திரும்பாவிட்டால், 12 மாதத்தில் கையசைத்துக் காட்டாவிட்டால், 18 மாதத்தில் விரலால் சுட்டாவிட்டால் “பிந்திக் கதைக்கும்” என்று இருந்துவிடாதீர்கள். இருந்த சொற்கள் எந்த வயதில் மறைந்தாலும் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். முதலில் காது சோதிக்கப்படவேண்டும்.

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், அதன்பின் பஸ். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டிவந்தால் அனுப்புக் கடிதத்தை முன்னரே வாங்கி, காது, குழந்தைநலப் பரிசோதனைகளை ஒரே நாளில் வைக்கமுடியுமா என்று கேளுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். மிட்வைஃப் நெடுநாள் வராவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுத்தில் முறையிடுங்கள். கிளினிக் நாள்கள் பற்றிய விபரத்தை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கோரலாம்.

பிள்ளையைப் பராமரிப்பவர் கொடுமைப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின்படி குற்றம். அப்படி எதையும் கண்டால் 1929ஐ அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவச எண் அது; தமிழிலேயே கதைக்கலாம்.