முதல் சம்பளம் யாருக்கு?

வெளிநாட்டுக்குப் புறப்படுகிறவருக்கு அறிவுரை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சம் இருக்காது. பாஸ்போர்ட்டை நாலு நகல் எடுத்து வை, ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு, அந்த ஊர்ச் சட்டத்தைத் தெரிந்துகொள், சம்பளம் வராவிட்டால் தூதரகத்துக்குப் போ என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ஒன்றும் தவறில்லை. ஆனால் பிடிக்காததை 'முடியாது' என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறவருக்குத்தான் இந்த அறிவுரை எல்லாம் உதவும். நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கி ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறவர் அந்த நிலையில் இல்லை. இங்கே ஒப்பந்தத்தில் 1,500 என்று இருந்த சம்பளம் அங்கே போய் இறங்கியதும் 1,000 ஆகிவிட்டால் அவர் என்ன செய்வார்? திரும்பி வந்தால் வாசலில் பைனான்ஸ்காரர் நிற்பார். எனவே நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். எந்த நாடு, என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புறப்படும் அன்று தலைமேல் கடன் எவ்வளவு என்பதுதான் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு.

திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர் என்றாலே பத்திரிகைகள் தேவாங்கைத் தேடிக் காட்டுக்குள் போய்விடும். 2022-ல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டதில் இருந்து அந்த ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. வெளிநாடு போகிறவருக்கு வேண்டிய பாடம் காட்டில் இல்லை. வியாழக்கிழமை ஆட்டுச் சந்தையில் இருக்கிறது. பொழுது விடியும் முன்பே சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்து வெள்ளாடும் செம்மறியும் சின்ன வண்டிகளில் வந்து இறங்கிவிடும். நாட்டுக்கோழி ஒரு பக்கம், சண்டைச் சேவல் ஒரு பக்கம். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் இங்கே வியாபாரம் கோடியைத் தொடும். வியாபாரி ஆட்டின் முதுகை அழுத்திப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், தூக்கி எடை பார்ப்பார். கூடவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரின் முகத்தையும் பார்ப்பார். விலை படியாவிட்டால் அடுத்த வியாழனுக்கு ஓட்டி வந்துகொள்ளலாம் என்று நிற்பவர் யார், இன்றைக்கே விற்றுக் காசாக்கி யாருக்கோ கட்டியாக வேண்டியவர் யார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். எடை ஒன்றாக இருந்தாலும் அந்த இரண்டு ஆடுகளுக்கும் விலை ஒன்றாக இருக்காது. கடனோடு போய் இறங்கும் தொழிலாளிக்கு வெளிநாட்டில் நடப்பதும் அதேதான். அவர் திரும்பிப் போக முடியாதவர் என்பது வேலைக்கு எடுத்த கஃபீலுக்கும் தெரியும், கேம்ப் சூப்பர்வைசருக்கும் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 24,000 ரூபாய் பெறுமானமுள்ள சம்பளம், இரண்டு ஆண்டு ஒப்பந்தம். சாப்பாடு, போன், சில்லறைச் செலவுக்கு 7,000. வீட்டுச் செலவுக்கு 8,000 அனுப்பியாக வேண்டும். மிச்சம் 9,000. இப்போது விசாவுக்கென்று வெளியே புரட்டிய பணம் ஒன்றரை லட்சம், மாத வட்டி நூற்றுக்கு மூன்று என்று வையுங்கள். முதல் மாதம் கட்டுகிற 9,000-ல் 4,500 வட்டிக்கே போய்விடும், பாதிதான் அசலில் கழியும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்றாலும், ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினால் கடன் தீர்வது 24-வது மாதத்தில். ஒப்பந்தம் முடிவதும் அதே மாதம்! அதாவது இரண்டு ஆண்டு பாலைவன வெயிலில் நின்று அவர் ஊருக்குக் கொண்டு வருவது தன் பெட்டியை மட்டும்தான். இதுவும் எல்லாம் சரியாக நடந்தால். முதல் இரண்டு மாதச் சம்பளத்தைக் கம்பெனி நிறுத்திவைத்தாலோ, ஒருமுறை காய்ச்சலில் படுத்தாலோ கணக்கு ஒப்பந்தத்தைத் தாண்டி ஓடும். அதே ஆள் 50,000 மட்டும் வாங்கிக்கொண்டு போயிருந்தால், அதே கொடுமையான வட்டியிலும் ஏழாவது மாதம் கடன் அடைந்திருக்கும். மீதி 17 மாதச் சேமிப்பு அவருடையது. அந்த 17 மாதமும் சண்டை போடவும், வேறு இடம் தேடவும், பிடிக்காவிட்டால் எக்ஸிட் வாங்கிக்கொண்டு வரவும் அவருக்குத் துணிவு இருந்திருக்கும்.

நம்மவர்களுக்கு இது புதுக் கதையும் அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் முதலில் அள்ளிக் கொடுத்தது முன்பணம். வழிச்செலவு, துணிமணி, ஊர்க்கடன் அடைப்பு என்று கொடுத்த காசெல்லாம் தோட்டத்துக்குப் போய்ச் சேரும் முன்பே கணக்கில் ஏறிவிடும். ஒரு தோட்டம் பிடிக்கவில்லை என்று அடுத்த தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இந்தக் கடனைக் கட்டினால் ஆளை விடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். 'துண்டு' என்று பெயர் பெற்ற அந்த முறையை ஒழிக்கவே 1921-ல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. சாட்டையைவிடக் கணக்கு நோட்டு ஆளைக் கெட்டியாகக் கட்டிவைத்தது. இன்றைக்குப் போகிறவருக்குத் தோட்டமும் இல்லை, கங்காணியும் இல்லை. கணக்கு நோட்டு மட்டும் ஊருக்கே வந்துவிட்டது. கடன் கொடுப்பவர் ஒருவர், வேலை கொடுப்பவர் இன்னொருவர். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற வேலை பழைய கங்காணி தனியாகச் செய்ததுதான்.

இத்தனைக்கும் சட்டப்படி ஆகிற செலவு என்ன? 36 பக்கச் சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 35,400. பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு 275, மூன்று ஆண்டுக்கு 375, வரி தனி. மருத்துவப் பரிசோதனைக்குச் சில ஆயிரம். டிக்கெட்டைக் கம்பெனி போடுமானால் எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்தைத் தொடாது. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்கிறவர் மிச்சப் பணத்தை எதற்காக வாங்குகிறார்? 'விசா காசு' என்பார். முதலாளி தன் நாட்டு அரசுக்குக் கட்ட வேண்டிய பணத்தை வேலைக்குப் போகிறவர் ஏன் கட்ட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. வேலை தேடித் தருவதற்குத் தொழிலாளியிடம் காசே வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கை. சிங்கப்பூரில் அந்நாட்டு ஏஜென்சி வாங்கக்கூடிய கட்டணத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் என்று உச்சவரம்பு இருக்கிறது. ஆனால் திருச்சியிலோ திண்டுக்கல்லிலோ கைமாறும் காசை அந்தச் சட்டம் எப்படிப் பிடிக்கும்? பதிவு பெற்ற ஏஜென்ட்டுக்கும் ஊருக்கும் நடுவே நிற்கிற கிளைத் தரகருக்கு நம் சட்டத்தில் இடமே கிடையாது. பெரும்பாலும் பணம் போய்ச் சேர்வது அவர் கையில்தான்.

'கடன் வாங்காமல் ஏழை எப்படிப் போவான்? பணம் இருந்தால் அவன் ஏன் போகிறான்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தக்காளி விலை படுத்துவிட்டால் பறிகூலிகூடத் தேறாது என்று காயைச் செடியிலேயே விட்டுவிடுகிற மானாவாரிப் பூமி இது. வேடசந்தூர் மில்லில் கிடைக்கிற கூலியில் ஐம்பதாயிரம் சேர்ப்பது லேசல்ல. கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதற்கு, யாரிடம், எவ்வளவு என்பதில்தான் பேச்சு. ஐம்பதாயிரத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் கிடைக்கும். நாலு ஆட்டை வியாழக்கிழமை ஓட்டினாலும் ஒரு பகுதி புரளும். ஒன்றரை லட்சத்துக்கு அந்த இரண்டும் போதாது, அங்கேதான் மீட்டர் வட்டி உள்ளே வருகிறது. அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதலே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. ஆனால் புகார் கொடுக்க வேண்டியவர் துபாயில் இருக்கிறார். வங்கதேசம் வேறொரு வழியை முயன்றது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குக் கடன் கொடுப்பதற்கென்றே 2010-ல் சட்டம் இயற்றி, பிரபாஷி கல்யாண் வங்கி என்று ஒரு அரசு வங்கியைத் தொடங்கியது. நம்மிடம் அயலகத் தமிழர் நலத்துக்குத் தனித் துறை இருக்கிறது, 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. இந்த மூன்றையும் இணைத்து ஐம்பதாயிரம் ரூபாய்க் கடன் ஒன்றைக் கொடுக்க என்ன தடை?

வெளிநாட்டுக் காசில் மாடி வீடு கட்டியவர்கள், தங்கையைக் கட்டிக் கொடுத்தவர்கள் இல்லையா என்றால், ஏராளமாக இருக்கிறார்கள். 2015-ல் நடந்த புலம்பெயர்வு ஆய்வு வெளிநாடுகளில் இருக்கும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் என்று கணித்தது. அத்தனை பேரும் ஏமாந்தவர்கள் அல்ல. கடன் வாங்கிப் போய் ஜெயித்தவரின் வீடு சாலையில் நின்று பேசும். தோற்றவர் வீட்டில் பேச என்ன இருக்கிறது?

கடனின் இன்னொரு கொடுமை, அது ஆளைக் குறுக்கு வழியில் தள்ளும். மலேசியா 2023 டிசம்பர் முதல் தேதியில் இருந்து இந்தியர்களை 30 நாட்கள் வரை விசா இல்லாமல் சுற்றிப் பார்க்க விடுகிறது. சுற்றுலாவுக்குக் கொடுத்த அந்தச் சலுகையைத் தரகர்கள் வேலைக்கான கதவாக விற்கிறார்கள். ஹோட்டல் வேலை, சலூன் வேலை, போய் இறங்கியதும் பெர்மிட் மாற்றித் தருவோம் என்பார்கள். நாள் கடந்து தங்கினால் அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்க அந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. கடன் இல்லாதவர் 29-வது நாள் விமானம் ஏறிவிடுவார். கடன்பட்டவர் ஒளிந்துகொண்டு வேலை பார்ப்பார். சவுதியில் கம்பெனியை விட்டு ஓடி 'ஹுரூப்' ஆகிறவர்களில் பலரைத் துரத்துவதும் ஊரில் ஏறிக்கொண்டிருக்கும் வட்டிதான் என்பது என் கணிப்பு. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவதிப் பகுதியில் இணைய மோசடி வேலையில் அடைக்கப்பட்ட இளைஞர்களில் தமிழ்நாட்டவரும் இருந்தார்கள். படித்த பிள்ளைகள். விடச் சொல்லிக் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், பணத்தைக் கட்டிவிட்டுப் போ என்பது! நூறு வருடத்துக்கு முந்தைய துரையின் சீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இப்படிக் குறுக்கு வழியில் போகிறவருக்குக் காப்பீடும் கிடையாது. முறையாகப் பதிவு செய்து வேலை விசாவில் போகிறவர் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கிடைக்க அந்த 275 ரூபாய்த் திட்டத்தில் வழி இருக்கிறது. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தபோது நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மாண்டார்கள், அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டவர். அயல்நாட்டில் சாவு எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆள் போனாலும் புரோநோட்டு அழியாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் புரோநோட்டைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்து. தொகை எழுத வேண்டிய இடம் பல நேரங்களில் காலி. கூடவே கையெழுத்துப் போட்ட வெற்றுப் பத்திரம் ஒன்று, நிலத்தின் பட்டா ஒன்று, சாட்சிக் கையெழுத்து மனைவியுடையது. கணவர் விமானம் ஏறிய மறுமாதத்தில் இருந்து வட்டிக்காரருக்கு முகம் கொடுக்க வேண்டியவர் அவர்தான். அங்கே சம்பளம் நின்றுபோனதைக் கணவர் போனில் சொல்ல மாட்டார். இங்கே வாசலில் நடந்ததை மனைவி சொல்ல மாட்டார். வேலைக்குப் போகிறவருக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறோம், நல்ல காரியம். வீட்டில் இருக்கிறவரை அந்த வகுப்பில் உட்காரவைக்க யாருக்கும் தோன்றவில்லை. எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கட்டினோம், எந்தக் காகிதம் யாரிடம் இருக்கிறது என்பது மனைவி கையில் ஒரு நோட்டில் இருந்தால், தொகை எழுதாத புரோநோட்டில் அவர் சாட்சிக் கையெழுத்துப் போட மறுத்தால், பாதிக் கடன் வாங்கும் முன்பே நின்றுவிடும்.

ஆகவே அடுத்த மாதம் புறப்படக் காத்திருக்கிறவர்களுக்கு: ஏஜென்ட்டின் பதிவு எண்ணை அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள். திண்டுக்கல்லில் எந்த பிரவுசிங் சென்டரிலும் பத்து நிமிடத்தில் பார்த்துத் தருவார்கள். பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். 35,400-க்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் எதற்கு என்று எழுதி ரசீது கேளுங்கள். ரசீது தர மறுக்கிறவரிடம் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.