மழை பூட்ஸில் பெயின்ட் நிக்குமா? குறைந்த செலவில் குழந்தைகளின் கம்பூட்ஸை அலங்கரிப்பது எப்படி?

ஐப்பசி பிறந்தால் பச்சைமலைப் பக்கம் மேகம் இறங்கிவிடும். அடிவாரத்து அரும்பாவூரில் தெருவெல்லாம் சேறு. பிள்ளைகளுக்கு கம்பூட்ஸ் வாங்கலாம் என்று பார்த்தால், கார்ட்டூன் படம் போட்டது விலை அதிகம். விலை குறைந்தது ஒரே நிறத்தில் மொட்டையாக இருக்கிறது. "இதைப் போட மாட்டேன்" என்று பிள்ளை அடம்பிடிக்கும். சரி, நாமே வரைந்துவிடலாமா?

தாராளமாக வரையலாம். ஆனால் பெயின்டை எடுத்து அப்படியே பூசினால் இரண்டே நாளில் தோல் மாதிரி உரிந்து வரும்.

ஏன் உரிகிறது?

விலை குறைந்த கம்பூட்ஸ் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக். இயல்பில் பிவிசி கெட்டியானது. தண்ணீர்க் குழாய் அதில்தான் செய்யப்படுகிறது. அதை வளையும்படி ஆக்க எண்ணெய் போன்ற ஒரு ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். அது மெல்ல மெல்ல மேலே கசிவதால் பெயின்டுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. போதாததற்கு, நடக்கும்போது பூட்ஸ் வளைகிறது. காய்ந்த பெயின்ட் வளையாது. விளைவு, விரிசல்.

கதவுக்கு அடித்து மிச்சமான எனாமல் பெயின்ட் வேண்டவே வேண்டாம். பிவிசி மேல் அது காயாமல் பிசுபிசுக்கும். பழைய டப்பா என்றால் இன்னொரு சிக்கல்: வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

முதலில் மேற்பரப்பு, பிறகு படம்

அரும்பாவூர் என்றாலே மரச்சிற்பம். வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் இங்கே செதுக்கும் சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மர வேலையில் வண்ணம் பூசுவதற்கு முன் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். பூட்ஸுக்கும் அதே பாடம்தான்.

1. சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய வையுங்கள்.

2. படம் வரும் இடத்தை மட்டும் 320-ம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பளபளப்பு போனால் போதும்.

3. எண்ணெய் கலக்காத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடையுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், பிசுக்காகத் தங்கிவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள். அதிலுள்ள அசிட்டோன் பிவிசியையே இளக்கிவிடும்.

4. துணிக்கு அடிக்கும் அக்ரிலிக் ஃபேப்ரிக் பெயின்ட் ஓரளவு வளைந்து கொடுக்கும். ஒரே பூச்சாக மொத்தமாக அடிக்காமல், இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் அடுத்தது.

5. கணுக்கால் மடிப்பையும் விரல் மடியும் இடத்தையும் விட்டுவிடுங்கள். முதலில் உரிவது அங்கேதான். அடிப்பாகத்தில் பூசினால் வழுக்கும்.

ஒரு வாரம் கழித்து மழையில் இறக்கினால் நல்லது.

பெயின்டே வேண்டாமா?

இன்னும் சுலபமான வழி, எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் இன்சுலேஷன் டேப். அதுவும் பிவிசிதான், பூட்ஸோடு சேர்ந்து வளையும். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம் உண்டு. மீன், இலை, நட்சத்திரம் என்று வெட்டி ஒட்டலாம். கூர்முனை முதலில் எழும்பும். அதனால் ஓரங்களை வளைவாக வெட்டுங்கள். அலுத்துப்போனால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம்.

சின்னப் பிள்ளைகள் இடது வலது மாற்றிப் போடுகிறார்களா? ஒரு பட்டாம்பூச்சியைப் பாதிப் பாதியாக இரண்டு பூட்ஸின் உள்பக்கத்திலும் வரையுங்கள். சரியாகப் போட்டால்தான் முழுப் பூச்சி தெரியும்.

அழகோடு பாதுகாப்பும்

மழைநாளில் சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டிவிடும். பைக் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ரிஃப்ளெக்டர் டேப்பில் ஒரு துண்டை இரண்டு குதிகாலிலும் ஒட்டுங்கள். விழும் வெளிச்சத்தை வந்த பக்கமே திருப்பி அனுப்புவதால், பின்னால் வரும் வண்டிக்காரர் கண்ணில் பளிச்சென்று படும். பூட்ஸ் அலங்காரத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

தொங்கும் ரிப்பன் வேண்டாம், சைக்கிள் செயினில் சிக்கும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் மணி, பட்டன் ஒட்ட வேண்டாம். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். வாசலில் கிடந்த பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டாமல் பிள்ளைக்குப் போட்டுவிடாதீர்கள். மழைக்கு ஒதுங்கும் தேள், பூரானுக்கு அது வசதியான பொந்து. முழங்கால் அளவு ஓடும் தண்ணீரில் பூட்ஸோடு இறங்க விடாதீர்கள். உள்ளே தண்ணீர் நிறைந்தால் கால் தூக்க வராது.

இவ்வளவும் செய்தாலும் படம் ஒரு மழைக்காலம் தாங்கினால் பெரிது. அதனாலென்ன? அடுத்த ஐப்பசிக்குள் காலும் வளர்ந்திருக்கும். டேப்பை உரித்துவிட்டு, பூட்ஸை அடுத்த வீட்டுத் தம்பிக்கோ பாப்பாவுக்கோ கொடுத்துவிடலாம். என்ன படம் வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும்.