பளபளக்கும் அலாய் வீல்! பெயிண்டுக்குள் பதுங்கும் விரிசல்!
வேகமான பழைய கார் வாங்குவோர் உஷார்

சென்னை:-

கண்ணாடி போல மின்னுகிறது சக்கரம். குனிந்து பார்த்தால் முகம் தெரிகிறது. ஆனால் அந்தப் பெயிண்டுக்கு அடியில், மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் ஓடுகிறது.

காரின் சொந்தக்காரருக்கு அது தெரியாது. "புதுசு மாதிரி ஆக்கிட்டாங்க!" என்ற சந்தோஷத்தில் அவர் காரை விரட்டுகிறார். 100 கிலோ மீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு சுமார் 28 மீட்டர் பாய்கிறது. அதாவது, ஒரே வினாடிக்குள் இரண்டு மாநகர பஸ் நீளத்தைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் சக்கரம் பிளந்தால்?

டயரில் உள்ள காற்று ஒரே மூச்சில் போய்விடும். கார் ஒரு பக்கமாக இழுக்கும். அந்தப் பக்கத்தில் இருப்பது சைக்கிளில் போகிறவரோ, பஸ்சுக்கு நிற்கிறவரோ! காருக்குள் இருப்பவருக்கு மட்டும் உள்ள ஆபத்து அல்ல இது.

கார் விலை குறையும், செலவு குறையாது

ஒரு காலத்தில் வேகமான கார் என்றால் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சமாச்சாரம். இப்போது அப்படி இல்லை. செகண்ட் ஹேண்டில் விலை இறங்கியதும் கடைக்காரர்களும், மாதச் சம்பளக்காரர்களும்கூட கடன் போட்டு வாங்குகிறார்கள்.

உதாரணத்துக்கு, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245. 2020-ம் ஆண்டில் இந்தியாவுக்கு 200 கார்கள் மட்டுமே வந்தன. அப்போதே விலை சுமார் ரூ.36 லட்சம். சாதாரண டாக்சி காரின் என்ஜின் சக்தி 80, 90 குதிரை என்றால், இதற்கு 245 குதிரை!

இந்த மாதிரி காரை வாங்குவது பெரிதல்ல. வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரிது. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். வருஷம் போகப் போக கார் விலை குறையும். உதிரிப்பாகத்தின் விலை குறையாது.

அதனால்தான் பலர் செலவைக் குறைக்க வழி தேடுகிறார்கள். முதலில் கை வைப்பது சக்கரத்தில்!

பள்ளத்தில் விழுந்தால் என்ன ஆகும்?

அந்தக் காரின் டயரில் 225/40 ஆர் 18 என்று எழுதியிருக்கும். 225 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டர் கணக்கில். 40 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு 40 பங்கு பக்கவாட்டு உயரம். அதாவது 90 மில்லி மீட்டர். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

டாக்சியாக ஓடுகிற பல டிசையர் கார்களில் 165/80 ஆர் 14 டயர் இருக்கும். அதன் பக்கவாட்டு உயரம் 132 மில்லி மீட்டர்.

வித்தியாசம் புரிகிறதா? தரைக்கும் ரிம்முக்கும் நடுவே மெத்தையாக இருப்பது அந்த ரப்பரும் காற்றும்தான். வேகமான காரில் அந்த மெத்தை மெல்லிசு. வளைவில் கார் ஆடாமல் திரும்ப அது உதவும். ஆனால் மழைத் தண்ணீர் மூடிய பள்ளத்தில் இறங்கினால், அடி நேராக ரிம்முக்குப் போய்விடும்.

இரும்பு ரிம் என்றால் நசுங்கும். பஞ்சர் கடைக்காரர் சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிடுவார். அலாய் வீல் அப்படியல்ல. அது அலுமினியத்தோடு சிலிக்கான், கொஞ்சம் மக்னீசியம் சேர்த்து வார்த்தது. ஓரளவுக்கு வளையும். அதற்கு மேல் போனால் விரிசல்தான்.

நெருப்பு காட்டினால் பலம் போச்சு

அலாய் வீலின் பலம் வார்ப்பில் மட்டும் இல்லை. தொழிற்சாலையில் அதை 500 டிகிரிக்கும் மேலே சூடாக்கி, சட்டென்று தண்ணீரில் குளிர வைத்து, பிறகு குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுக்கிறார்கள். அந்தப் பக்குவத்தில்தான் பலம் வருகிறது.

வளைந்த வீலை நிமிர்த்த, சில பட்டறைகளில் கேஸ் டார்ச்சைக் காட்டுகிறார்கள். இதில்தான் வில்லங்கம்!

இரும்பைக் காய்ச்சினால் சிவக்கும். "போதும், நிறுத்து" என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அலுமினியம் சிவக்காது. உருகுகிற வரைக்கும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். எத்தனை டிகிரி ஏறியது என்று கண்ணால் சொல்ல முடியாது. அளவு மீறி சூடு பட்ட இடத்தில் தொழிற்சாலைப் பக்குவம் போய்விடும். உருண்டை சரியாக வரும். பலம் வராது.

வெல்டிங் கதையும் இதேதான். விரிசலை ஆர்கான் வெல்டிங்கால் அடைத்துவிடலாம். காற்றும் நிற்கும். ஆனால் வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் உலோகம் பலம் இழந்து கிடக்கும். அடுத்த பள்ளத்தில் அங்கேயே பிளக்கும்.

புது வீல் மாடலை விற்பனைக்கு விடும் முன் மூன்று சோதனை வைக்கிறார்கள். வளைத்து வளைத்து ஒரு சோதனை. சுமை ஏற்றி உருட்டி ஒரு சோதனை. கனமான எடையைப் போட்டு மோதி ஒரு சோதனை. பட்டறையில் ஒட்டுப் போட்ட வீலுக்கு இதில் ஒன்றுகூட நடப்பதில்லை.

எதைச் செய்யலாம்? எதைச் செய்யக்கூடாது?

அலாய் வீல் புதுப்பிப்பு என்றாலே மோசடி என்று நினைக்க வேண்டாம். நியாயமாகச் செய்கிற பட்டறைகளும் உண்டு.

நடைமேடையில் உரசிய கீறல், பெயிண்ட் உரிதல், உப்புக் காற்றால் வந்த வெள்ளைப் பூப்பு, இவற்றைச் சரி செய்யலாம். கடற்கரை ஊரான சென்னையில் இந்தப் பூப்பு சகஜம். மேலே அடித்த கிளியர் கோட்டில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும். ஈரமும் உப்பும் உள்ளே நுழைந்து, புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடு போட்டுவிடும்.

ரிம் ஓரத்தில் லேசான வளைவு என்றால் ஹைட்ராலிக் பிரஸ்சில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி எடுக்கலாம். பிறகு டயல் கேஜ் வைத்து, ஆட்டம் எவ்வளவு என்று அளந்து காட்ட வேண்டும்.

ஆனால் ஆரக்காலில் விரிசலா? போல்ட் துளையைச் சுற்றி விரிசலா? நடுப்பகுதியில் விரிசலா? அந்த வீலுக்கு ஒரே இடம், பழைய உலோகக் கடைதான். ஸ்டெப்னியாகக்கூட வைக்கக்கூடாது.

பட்டி பார்த்து மறைக்கும் வேலையும் உண்டு. சுவருக்குப் பட்டி பார்க்கலாம். ஓடுகிற சக்கரத்தின் பள்ளத்தில் பட்டி பூசினால் மேடு பள்ளம் மறையும். அவ்வளவுதான்.

உரித்த வீலைப் பார்த்தீர்களா?

முறையான வேலை எப்படி நடக்கும்? முதலில் டயரைக் கழற்ற வேண்டும். அடுத்து பழைய பெயிண்டை முழுசாக உரிக்க வேண்டும். காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டால் அது அலுமினியத்தையே தின்றுவிடும்.

பெயிண்ட் போனதும் விரிசல் சோதனை. சிவப்புச் சாயத்தைத் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளை மருந்தை அடிப்பார்கள். விரிசல் இருந்தால் வெள்ளைக்கு நடுவே சிவப்புக் கோடு எட்டிப்பார்க்கும். சாய வசதி இல்லாத இடத்தில் மண்ணெண்ணெயும் சுண்ணாம்புத் தூளும் வைத்துச் செய்கிற பழைய முறை உண்டு. அதில் ஈரக்கோடு தெரியும். ஆனால் ரொம்ப மெல்லிய விரிசல் அதில் தப்பிவிடலாம்.

இந்தச் சோதனை முடிந்த பிறகுதான் பெயிண்ட். பவுடர் கோட்டிங் என்றால் அடுப்பில் சுமார் 180 முதல் 200 டிகிரி வரை வைத்து எடுப்பார்கள். "சீக்கிரம் காயட்டும்" என்று அதற்கு மேலே சூட்டை ஏற்றினால் வீலுக்குக் கெடுதல்.

முகப்பை லேத்தில் கடைந்து பளபளப்பாக்கும் டைமண்ட் கட் வேலையில் ஒவ்வொரு முறையும் உலோகம் சீவப்படுகிறது. ஒன்றிரண்டு தடவைக்கு மேல் தாங்காது. செகண்ட் ஹேண்ட் வீல் என்றால், முன்பு எத்தனை தடவை சீவினார்கள் என்பது யாருக்குத் தெரியும்?

எனவே வீலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், நான்கு நாள் கழித்து பளபளப்பைப் பார்த்துப் பணம் கொடுப்பது தவறு. நடுவில் ஒரு நாள் போக வேண்டும். பெயிண்ட் உரித்து, புதுப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால், வெறும் உலோகமாக இருக்கும்போது பார்க்க வேண்டும். உட்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். விரிசல் பெரும்பாலும் காருக்குள் பார்த்திருக்கும் அந்த உட்பக்க விளிம்பில்தான் ஆரம்பிக்கும்.

"அதெல்லாம் தேவையில்லை சார், நாங்க பாத்துக்குறோம்" என்று பதில் வந்தால், வீலைத் தூக்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போவது நல்லது.

மாட்டும்போதும் கவனம்

வேலை சரியாக இருந்தும் மாட்டுவதில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. போல்ட் உட்காரும் குழியிலும், வீல் ஹப்போடு ஒட்டும் பின்பக்கத்திலும் பெயிண்ட் தடிப்பாக இருக்கக்கூடாது. ஓட ஓட அந்தப் பெயிண்ட் நசுங்கி, போல்ட் தளர்ந்துவிடும்.

வேறு காரின் வீலை வாங்கி மாட்டுவோரும் உண்டு. ஆக்டேவியாவின் நடு ஓட்டை 57.1 மில்லி மீட்டர். ஓட்டை பெரிதாக உள்ள வீலை அப்படியே மாட்டினால் நடுமையம் தவறி ஸ்டீயரிங் நடுங்கும். இடைவெளியை அடைக்க சரியான அளவு வளையம் போட வேண்டும்.

போல்ட்டை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, நட்சத்திரம் போடுவது போல, டார்க் ரெஞ்சில் அளவு வைத்து முறுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோ மீட்டர் ஓடியதும் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத மாற்றத்தை வண்டியில் செய்யும் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். பொதுச்சாலையில் ரேஸ் விட்டால் 189-வது பிரிவு பாயும். முதல் தடவையே 3 மாதம் வரை ஜெயிலுக்கு வழி இருக்கிறது.

வேகம் பார்க்க ஆசையா? அதற்கு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்த ரேஸ் மைதானம் இருக்கிறது. அங்கே பந்தயத்தில் இறங்கும் ஒவ்வொரு வண்டியையும் முதலில் சோதிப்பார்கள். தேறினால்தான் ஓட்டலாம். 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி நடந்த பார்முலா 4 இரவுப் பந்தயத்திலும் சோதனை முடிந்துதான் கார்கள் இறங்கின.

கிழக்கு கடற்கரை சாலையில் பறக்கும் காரை அப்படி யாரும் சோதிப்பதில்லை. சொந்தக்காரர்தான் சோதிக்க வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தால் உஷார்!

* ஒரே டயரில் வாராவாரம் காற்று இறங்குவது. பஞ்சர் இல்லை என்றால் வீலில் விரிசல் இருக்கலாம்.

* பேலன்சிங் செய்த பிறகும் 80, 100 கிலோ மீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குவது.

* டயர் பக்கவாட்டில் கொழுக்கட்டை போல வீக்கம். அந்த டயரை உடனே மாற்ற வேண்டும்.

* டயரின் வயது. பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2322 என்றால் 2022-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது.

* பிரேக் ஆயில். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றாவிட்டால், வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது கைவிட்டுவிடும்.

நான்கு வீலையும் புதுசாக வாங்க வசதி இல்லாமல் இருக்கலாம். அதில் வெட்கம் இல்லை. கெட்டுப்போன ஒன்றை மட்டும் மாற்றலாம். அதுவரை காரை வீட்டில் நிறுத்தலாம்.

பாலிஷ் போட்டால் பளபளப்பு வரும். பலம் வராது!