புலாவ் உபின்: கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள்

சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் அட்டவணை என்று எதுவும் இல்லை. 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். சேராவிட்டால் காத்திருக்க வேண்டும், அல்லது மீதிப் பேருக்கான கட்டணத்தையும் நாமே கொடுக்க வேண்டும்.

கடந்த தேர்வு விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை, நானும் இரு நண்பர்களும் அங்கே போய்ச் சேர்ந்தபோது வரிசையில் எங்களுடன் சேர்த்து ஒன்பது பேர்தான். இருபது நிமிடம் காத்திருந்தோம். ரயில் நான்கு நிமிடம் தாமதமானால் முகம் சுளிக்கும் எங்களுக்கு அது புது அனுபவம். படகோட்டி தலைக்கு $4 ரொக்கமாகக் கேட்டார். கைப்பேசியில் மட்டுமே பணம் வைத்திருந்த நண்பனுக்கு நான் கடன் கொடுத்தேன்.

பத்துப் பதினைந்து நிமிடப் பயணத்தில் தீவு வந்துவிட்டது. கைத்தொலைபேசி மலேசியக் கட்டமைப்புக்கு மாறி, ‘வரவேற்கிறோம்’ என்று குறுஞ்செய்தி அனுப்பியது.

கல் கொடுத்த தீவு

சிங்கப்பூரின் வடகிழக்கில், ஜோகூருக்கும் நம் பெருநிலத்துக்கும் இடையே சுமார் 10 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது புலாவ் உபின். தவளை, பன்றி, யானை மூன்றும் ஜோகூருக்கு நீந்தப் போட்டியிட்டுத் தோற்றுக் கல்லாகிப் போனதாகவும், யானையும் பன்றியுமே உபின் ஆனதாகவும் ஒரு பழங்கதை உண்டு. தவளை, பக்கத்திலுள்ள புலாவ் செக்குடு என்னும் குட்டித் தீவானதாம்.

கதையில் வரும் கல் உண்மையானதுதான். உபினின் கருங்கல் ஒரு காலத்தில் சிங்கப்பூரையே கட்டியது. பெட்ரா பிராங்காவில் 1851ல் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்திலும், ஜோகூர் பாலத்திலும் உபின் கல் இருக்கிறது. 1999ல் கல்லுடைப்பு நின்றது. வெட்டிய பள்ளங்களில் மழைநீர் நிறைந்து இன்று ஏரிகளாகிவிட்டன. படகுத்துறைக்கு அருகிலுள்ள பெக்கான் கல்லுடைப்புக் குளத்தின் நடுவே மரங்களில் சாம்பல் நாரைகள் கூடு கட்டுவதைப் பார்க்கலாம்.

படகுத்துறையை விட்டு இறங்கியதும் சைக்கிள் வாடகைக் கடைகள். அங்கிருந்து தீவின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவாவுக்குச் சுமார் 3 கிலோமீட்டர். தூரம் குறைவு என்று நினைத்தோம். ஆனால் ஏற்ற இறக்கமும் சரளைக்கல்லும் தொடைக்கு வேலை வைத்தன. என் சைக்கிளின் சங்கிலி இரண்டு முறை கழன்றது. எடுக்கும்போதே சோதிக்காதது என் தவறு.

வெறும் தண்ணீர்

செக் ஜாவாவின் நுழைவாயிலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்துதான் உள்ளே போக வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள மரப்பலகைப் பாதை கடலுக்கு மேலும் சதுப்புநிலக் காட்டுக்குள்ளும் செல்கிறது. ஆவலோடு எட்டிப் பார்த்தோம்.

தண்ணீர். கலங்கலான, அமைதியான தண்ணீர் மட்டும்.

“இதுக்கா இவ்வளவு தூரம் மிதிச்சு வந்தோம்?” என்றான் நண்பன். எனக்கும் அதே எண்ணம்தான். சுமார் 20 மீட்டர் உயர ஜெஜாவி கோபுரத்தில் ஏறிப் படம் எடுத்தோம். திரும்பி வந்து பார்த்தால், சைக்கிள் கூடையில் விட்டுச் சென்ற ரொட்டிப் பையைக் காட்டுப்பன்றி ஒன்று கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. அன்றைய நாளின் ஒரே சாகசம் அதுதான் என்று சிரித்துக்கொண்டே வீடு திரும்பினோம்.

அன்றிரவுதான் செக் ஜாவாவைப் பற்றிப் படித்தேன். நாங்கள் போனது கடல் ஏறியிருந்த நேரம். நீர்மட்டம் சுமார் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும்போதுதான் அடியிலுள்ள மணல்திட்டும் கடற்புல்வெளியும் வெளியே தெரியுமாம்.

அதைவிட என்னைத் தூங்கவிடாத செய்தி இன்னொன்று. அந்தக் கரையை நிரப்பி நிலமாக்க அரசாங்கம் திட்டமிட்டிருந்தது. தாவரவியலாளர் ஜோசப் லாயும் இயற்கை ஆர்வலர்களும் அங்குள்ள உயிர்களைக் கண்டு மற்றவர்களுக்குச் சொன்னார்கள். தன்னார்வலர்கள் சேற்றில் இறங்கி ஒவ்வோர் உயிரையும் பதிவு செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நேரில் பார்க்கப் போனார்கள். 2001 டிசம்பரில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. நாங்கள் நடந்த பலகைப் பாதை 2007ல் திறக்கப்பட்டது.

ஒத்திவைக்கப்பட்டது, கைவிடப்படவில்லை. மேம்பாட்டுக்கு அந்த இடம் தேவைப்படாத வரை நில மீட்பு இல்லை என்பதே அன்று சொல்லப்பட்டது. 2001ல் அந்தத் திட்டத்தைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டிருந்தால், ஏறிய கடலை ஒருமுறை பார்த்துவிட்டு, “அங்கே ஒன்றுமில்லையே” என்று நானும் தலையாட்டியிருப்பேன்.

இரண்டாவது பயணம்

இரண்டு வாரம் கழித்து, கடல் வற்று நேரத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு மறுபடி போனோம். அதே பாதைதான், ஆனால் வேறு இடத்துக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. பச்சைக் கம்பளமாகக் கடற்புல். பலகைக்குக் கீழே, ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சின்னஞ்சிறு நண்டுகள் நூற்றுக்கணக்கில் கையசைத்தன. சதுப்புநில மரங்களின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில்களாக நின்றன. நட்சத்திர மீனைப் பார்க்கும் ஆசை மட்டும் நிறைவேறவில்லை. “இதுக்கா இவ்வளவு தூரம்?” என்று கேட்ட அதே நண்பன், போகலாம் என்று நாங்கள் மூன்று முறை அழைத்த பிறகே நகர்ந்தான்.

திரும்பும் வழியில், மரத்தடிக் கடையொன்றில் இளநீர் குடித்தோம். கடைக்கார மக்சிக்கிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் பேச்சுக் கொடுத்தேன். அவர் பிள்ளைகள் தெம்பனிசில் இருக்கிறார்களாம். “எனக்குப் பிறகு இந்தக் கடையை யார் நடத்துவது, அடிக்?” என்று கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த தீவு இது. இங்கிருந்த பின் கியாங் பள்ளி, மாணவர் இல்லாமல் 1985ல் மூடப்பட்டது. இன்று நிரந்தரமாக வசிப்போர் சில பத்துப் பேர்தான். நண்டுக்கும் நாரைக்கும் குரல் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். கம்பத்து வாழ்க்கை அவ்வளவு எளிதாகக் காப்பாற்றக்கூடியதல்ல, அதை வாழ மனிதர் வேண்டும். நம்மில் எவரும் அங்கே குடிபோகப் போவதில்லை. ஆனால், தின்பண்டத்தைப் பெருநிலத்திலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு போகாமல், அங்குள்ள கடையில் உட்கார்ந்து சாப்பிட்டு நான்கு வார்த்தை பேசிவிட்டு வரலாம். அது நம்மால் முடியும்.

போகுமுன் கவனிக்க

* செக் ஜாவா செல்வோர் கடல் வற்று நேரத்தை முன்கூட்டியே பாருங்கள். நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இருக்கும் பகல் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

* ரொக்கம், தண்ணீர், கொசு மருந்து, மழைச்சட்டை அவசியம்.

* சைக்கிளின் பிரேக், சங்கிலி, இருக்கை மூன்றையும் கடையிலேயே சோதியுங்கள். இறக்கத்தில் வேகம் வேண்டாம்.

* சைக்கிள் கூடையில் உணவு வைக்காதீர்கள். விலங்குகளுக்கு உணவு கொடுக்கவும் கூடாது.

* தலையை நிமிர்த்தியும் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து நெடுங்காலம் மறைந்திருந்த இருவாச்சிப் பறவைகள் 1990களில் திரும்பி வந்தது இந்தத் தீவுக்குத்தான்.

முதல் முறை பார்த்து ஏமாற்றமடைந்தால், இன்னொரு முறை போங்கள். நாங்கள் அப்படித்தான் உபினைப் பார்த்தோம்.