தாத்தா பெயர் சொல்லி ஒரு கல்யாணம்

என் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்த மறுமாதம் என் அப்பா காலமானார். 'வருஷம் திரும்பட்டும்' என்றனர் சில உறவினர். 'பெண் கல்யாணம், வருஷத்துக்குள் முடிப்பதும் வழக்கம்தானே' என்றனர் வேறு சிலர்.

முலுண்டிலிருந்து ரயிலேறி மாட்டுங்கா சென்று மாலைக்கும் வாழையிலைக்கும் சொல்லி வைப்பது எப்போதும் அப்பாவின் பொறுப்பு. கல்யாணப் பட்டியலை எடுத்தாலே அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். மகளோ, 'தாத்தா இல்லாமல் எனக்கு வேண்டாம்' என்றாள்.

சாஸ்திரிகள்தான் வழி காட்டினார். முகூர்த்தத்துக்கு முன் நாந்தியில் முன்னோர்களை வரவழைக்கிறோம். கன்னிகாதானத்தில் கொள்ளுத்தாத்தா, தாத்தா, தகப்பனார் என மூன்று தலைமுறைப் பெயர் சொல்லியே பெண்ணைக் கொடுக்கிறோம். 'தாத்தா பெயர் இல்லாமல் பேத்தி கல்யாணம் ஏது?' என்றார்.

அம்மாவே நாள் பார்க்கச் சொன்னார். மேடையில் அப்பாவின் பெயர் சொன்னபோது எல்லோரும் அழுதோம். ஒருவரும் அதை அபசகுனம் என்று சொல்லவில்லை.

இதே நிலையிலிருக்கும் அன்பர்களே, துக்கத்தை மறைத்துக்கொண்டு கல்யாணம் செய்ய வேண்டியதில்லை.