ஆக்கிய மொழிகள் – 9: காலகேயரின் நாக்கு

கிளிக்கி மொழியில் ‘மின்’ என்றால் நான். அதைத் திருப்பிப் போட்டு ‘நிம்’ என்றால் நீ. எதிரெதிராக நிற்கும் இரண்டைச் சொல்ல ஒரே சொல்லைத் தலைகீழாக்கினால் போதும் என்று விதி வைத்தவர் பாடலாசிரியர் மதன் கார்க்கி. 2015இல் வந்த ‘பாகுபலி’ படத்தில் வரும் காலகேயர் என்ற எதிரிப் படையினருக்காக ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளுமாக அவர் ஆக்கிய மொழி அது. படம் ஓடிய நாள்களில் யாழ்ப்பாணத்தில் எங்கள் இணுவில் ஒழுங்கைகளிலும் பொடியள் நாக்கைத் தட்டித் தட்டித்தான் சண்டை பிடித்தார்கள்.

கிளிக்கியின் வித்து அவுஸ்திரேலியாவில் விழுந்தது. கார்க்கி குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்த காலத்தில், தான் பார்த்துக்கொண்ட சிறுவர்களோடு விளையாட்டாக ஒரு குட்டி மொழியை உருவாக்கினார். பெயர் ‘கிளிக்’. பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் பேசிய அந்த ஒலிகள், படத்தின் இயக்குநர் ராஜமௌலியின் போர்க்களத்துக்கு வந்தபோது கேட்டவர்களுக்குக் குலை நடுங்கியது. இலக்கணம் எழுதியவரை நான் மெச்சுகிறேன். ஆனால் கரி பூசிய உடம்பு, சடை, கொலைவெறி எல்லாவற்றோடும் சேர்த்து அந்த நாக்குச் சொடுக்கையும் காட்டுமிராண்டித்தனத்தின் அடையாளமாகப் படம் வைத்ததே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் அந்தச் சொடுக்கு நம் எல்லோரிடமும் இருக்கிறது. ஒருவருடைய கஷ்டத்தைக் கேட்டு ‘ப்ச்’ என்று உச்சுக் கொட்டும்போது வாய்க்குள் நடப்பதைக் கவனியுங்கள். நுனிநாக்கு மேற்பல்லின் பின்னால் ஒட்டிக்கொள்கிறது, அடிநாக்கு எழும்பி மேலண்ணத்தை அடைக்கிறது, இடையில் சிறைப்பட்ட காற்றை உள்ளுக்கு இழுத்து நுனியை விடுகிறோம். மாட்டை முடுக்கும்போது நுனியை விடாமல் பக்கவாட்டில் விடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். நமக்கு இவை எழுத்தல்ல. தென்னாபிரிக்காவின் ஹோசா மொழிக்கு இவை நம் க, ச போன்ற மெய்யெழுத்துகள். அந்த மொழியின் பெயரே பக்கவாட்டுச் சொடுக்கோடுதான் தொடங்குகிறது. நெல்சன் மண்டேலாவின் தாய்மொழி அது. அவரைத் தாலாட்டிய பேச்சிலும் இந்த ஒலிகள் இருந்திருக்கும்.

இதே அநியாயம் நமக்கும் நடந்திருக்கிறது, நாம் கவனிக்கவில்லை. ‘ஸ்ரார் ரெக்’ படங்களில் வரும் கிளிங்கொன்கள் போர்வெறி கொண்ட வேற்றுலகத்தார். 1984இல் வந்த மூன்றாவது படத்துக்காக அவர்களின் மொழியை முழுமையாக வகுத்தவர் மார்க் ஓக்ரண்ட் என்ற அமெரிக்க மொழியியலாளர். அடுத்த ஆண்டே அதற்கு அகராதியும் வந்துவிட்டது. மனித மொழி போலத் தோன்றக்கூடாது என்பதற்காக அவர் ஒலிகளை வேண்டுமென்றே முறை தவறிக் கலந்தார். ஒன்றை அண்பல்லுக்குப் பின்னால் வைத்தார். அதன் இணையாக வரவேண்டியதை நாக்கை மடித்து உள்ளே தள்ளினார். அந்த மடிநா ஒலி வேறொன்றுமல்ல, வீடு, மாடு, ஓடு என்று நம் குழந்தைகள் சொல்லும் டகரந்தான்! முன்னே நிற்கும் மற்ற ஒலியும் யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதல்ல. ‘காற்று’ என்பதில் றகரத்தை இரட்டித்து நாம் சொல்லும் ஒலிக்குக் கிட்ட வருவது அது. அதனால்தான் கனடாவின் பெருநகரை ‘ரொறன்ரோ’ என்று எழுதுகிறோம். தமிழகத்தில் ‘டொராண்டோ’. இரண்டையும் பிரித்துக் கேட்கும் செவி, கிளிங்கொன் கற்க வரும் அமெரிக்கரை விட நம் ஊர்ப் பிள்ளைக்குச் சுலபமாக வாய்த்திருக்கிறது.

ஒலிக்குக் குணம் கற்பிக்கும் வழக்கம் பெரியவர்களையும் விடவில்லை. ஆங்கிலப் புனைகதை எழுத்தாளர் ரொல்கீன் தன் கதைகளில் வரும் தேவகணங்களின் குவென்யா மொழிக்கு, தான் நேசித்த பின்னிஷ் மொழியின் இனிமையைக் கொடுத்தார். அரக்கர் தலைவனின் கறுப்பு மொழியைக் கரடுமுரடாக்கினார். வாசகர் ஒருவர் அம்மொழி வாசகம் பொறித்த கிண்ணத்தை அன்போடு அனுப்பியபோது அதில் குடிக்க மனம் வராமல் சாம்பல் தட்டப் பயன்படுத்தினாராம். தன் கற்பனையை அவ்வளவு நம்பியவர்.

அகராதிப் பொருள் இல்லாத ஒலிக்கும் ஒழுங்குண்டு என்பதை இணுவிலில் பிறந்தவருக்கு விளக்கத் தேவையில்லை. இங்கே தவில் பழகும் பிள்ளை கழியைத் தொடமுன் வாயால் சொல்லப் பழக வேண்டும். தகிட என்றால் மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து. வெளியார் காதுக்கு அது வெறும் சத்தம். எங்கள் ஊர் விசுவலிங்கத்தாரின் மகன், தவில் வித்துவான் தட்சிணாமூர்த்தியின் வாசிப்பைத் தஞ்சாவூர் வித்துவான்கள் கொண்டாடியதும் இந்தச் சொற்கட்டுகளின் கணக்கு அவர்களுக்குப் புரிந்ததால்தான்.

மின், நிம்முக்குத் திரும்புகிறேன். உலகத் தாய்மொழி நாளான 2020 பெப்ரவரி 21இல் கிளிக்கிக்கென்று தனி இணையத்தளம் திறந்தார்கள். போர்க்களத்து மொழியை எல்லோரும் பேசும் மொழியாக்கும் முயற்சி அது. எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. ஆனால் வழி கடினமானது. அமெரிக்காவில் டார்மண்ட் ஸ்பியர்ஸ் என்ற மொழியியலாளர் 1990களில் தன் மகன் பிறந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள் அவனோடு கிளிங்கொனில் மட்டுமே பேசிப் பார்த்தார். தாய் ஆங்கிலத்தில் பேசினார். போருக்கும் விண்கலத்துக்கும் சொல் வைத்திருந்த மொழியில் பால்போத்தலுக்குச் சொல் இருக்கவில்லை. சில சொற்களைச் சரியாக உச்சரித்த மகன், வளர வளரக் கிளிங்கொனில் பதில் சொல்வதை விட்டுவிட்டான். தகப்பனும் நிறுத்திக்கொண்டார்.